கடல் குதிரைக்கு மணியடிச்சா சோறு

தங்கமீன் வளர்க்கிறவங்களுக்குப் பெரிய கவலை இல்லீங்க. காலையில ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை, வேலை முடிஞ்சுது. கடல் குதிரை அப்படி இல்லை. பந்தியில உட்கார்ந்தே பட்டினி கிடந்து சாகிற ரகம்! அதுக்கு இரைப்பையே கிடையாது. தின்னதைச் சேர்த்து வெச்சுக்க வழி இல்லாததால கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க சாப்பிடணும். இரையும் அசையணும், செத்த தீனின்னா பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

1853-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில உலகத்தோட முதல் பொது மீன்காட்சியகம் திறந்தாங்க. 1854-ல ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதின புத்தகத்தால 'அக்வேரியம்'ங்கிற பேரே பரவிச்சு. செடி வளர்த்துத் தண்ணியைக் கெடாம வெச்சுக்கத் தெரிஞ்சுது. ஆனா சோறு? அதிகமா போட்டா மீந்தது அழுகி அம்மோனியா விஷமாகும். குறைச்சா பட்டினி.

இந்த முடிச்சு அவிழ ஆரம்பிச்சது 1930-களில். சான் பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தின் ஆல்வின் சீல் 1933-லயும், நார்வேயின் ரோலெஃப்சன் 1939-லயும் ஒரே விஷயத்தைச் சொன்னாங்க: ஆர்ட்டீமியாங்கிற உவர்நீர் இறாலோட குஞ்சு, மீன் குஞ்சுகளுக்கு அருமையான தீனி. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதோட முட்டை காய்ஞ்ச நிலையில வருஷக்கணக்கா தூங்கும், உப்புத்தண்ணியில போட்டா சுமார் ஒரு நாள்ல பொரிஞ்சு நீந்தும். டப்பாவுல அடைச்ச உயிர்த்தீனி! 1950-களில் சான் பிரான்சிஸ்கோ உப்பளங்கள்லயும் யூட்டாவோட பெரிய உப்பு ஏரியிலயும் முட்டையை அள்ளி விற்க ஆரம்பிச்சாங்க. (நம்ம தூத்துக்குடி உப்பளத்துலயும் ஆர்ட்டீமியா உண்டு, தெரியுமோ?)

கடிகாரம் உள்ளே வர்றது இங்கதான். பொரிஞ்ச குஞ்சு முதல்ல எதுவும் சாப்பிடாது, மஞ்சள்கரு கையிருப்புலதான் ஓடும். நேரம் ஆக ஆக அது கரைஞ்சு சத்து குறைஞ்சுடும். அதனால இன்னைக்கு சாப்பாட்டுக்கு நேத்தே முட்டை போட்டு வைக்கணும், பொரிஞ்ச சூட்டோட பரிமாறணும். நம்ம இட்லி மாவு கணக்குதான் :-)

1970, 80-களில் இன்னொரு சிக்கல் தெரிஞ்சுது. கடல் மீனுக்கு அவசியமான சில கொழுப்பு அமிலங்கள் இந்தக் குஞ்சுல போதாது. உடனே அதுக்குப் பாசியும் மீன் எண்ணெயும் ஊட்டி, அப்புறம் மீனுக்குப் போட்டாங்க. தீனிக்கே தீனி!

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? தொட்டியில செத்ததுக்குப் பதிலா கடல்லேர்ந்து இன்னொண்ணு பிடிச்சாங்களே, அதான். 2001-ல இந்தியா கடல் குதிரை பிடிக்கிறதைத் தடை செஞ்சுது. 2004-லேர்ந்து அதோட உலக வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. தொட்டியிலேயே குஞ்சு பொரிச்சு வளர்க்கணும்னா, இந்தச் சாப்பாட்டு நேரம் பிசகக்கூடாது.

மீனைக் கண்ணாடிக்குள்ள போட்ட பிறகு, அது என்ன சாப்பிடும், எப்ப சாப்பிடும்னு கத்துக்க ஆரம்பிக்கவே மனுஷனுக்கு எண்பது வருஷம் ஆச்சு.