சங்கிலி முதல் லேசர் வரை



1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் நிலம் அளக்கத் தொடங்கினார். தூரம் சுமார் 12 கி.மீ. வெயிலில் சங்கிலி நீளும். அதனால் அதை மரப்பெட்டிக்குள் கிடத்தி, வெப்பமானி பார்த்துக் கணக்கைத் திருத்தினார்கள்.

இன்று நம் மதுராந்தகம் ஏரியில் தூர் வாரிய மண் போன்ற குவியலை லேசர் கருவி நிமிடங்களில் லட்சக்கணக்கான புள்ளிகளாக்கிவிடும். ஆனால் புல், லாரி, தூசி எல்லாமே புள்ளிகளாக விழும். 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலக் குவியலில் புல் 10 செ.மீ. உயர்த்திக் காட்டினாலே 500 கன மீட்டர் கூடிவிடும். இல்லாத மண்ணுக்கு ஊர்ப் பணம் போகும்.

சர்வே வேலையில் இருக்கும் பிள்ளைகளே, முதலில் வேண்டாத புள்ளிகளை நீக்குங்கள். பிறகு கன அளவு எழுதுங்கள்.