பன்னாட்டுப் புறஊதா ஆய்வுக்கலம்

பன்னாட்டுப் புறஊதா ஆய்வுக்கலம் (ஐயூஈ) என்பது அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், பிரித்தானியா ஆகிய மூன்று தரப்பினரும் கூட்டாக உருவாக்கிய வானியல் செயற்கைக்கோள் ஆகும். இது 1978 சனவரி 26 அன்று ஏவப்பட்டது. ஒரே விண்வெளித் தொலைநோக்கியைப் பல நாடுகள் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறைக்கு இது ஒரு முன்னோடி.

தோற்றம்

விண்மீன்களின் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. எனவே அவற்றை ஆராயும் தொலைநோக்கி வளிமண்டலத்துக்கு மேலே இருக்க வேண்டும். இதற்கென ஒரு பெரிய செயற்கைக்கோளைப் பிரித்தானிய வானியலாளர் இராபர்ட் வில்சன் 1964இல் ஐரோப்பிய விண்வெளி ஆராய்ச்சி அமைப்புக்கு முன்மொழிந்தார். செலவு மிகுதி எனக் கூறி அத்திட்டம் கைவிடப்பட்டது. வில்சன் குழுவினர் அதை எளிமையாக்கி மீண்டும் அளித்தனர். அதுவும் ஏற்கப்படவில்லை. பின்னர் அவர் அவ்வடிவமைப்பை நாசாவிடம் கொண்டு சென்றார், நாசா ஏற்றுக்கொண்டது. முன்பு மறுத்த ஐரோப்பிய அமைப்பும் பிறகு பங்காளியாக இணைந்தது.

பங்கீடு

விண்கலம், 45 செ.மீ. தொலைநோக்கி, ஏவூர்தி ஆகியவற்றை நாசா வழங்கியது. படம்பிடிக்கும் கேமராக்களைப் பிரித்தானியா செய்து தந்தது. சூரிய மின்தகடுகளும், மாட்ரிட் அருகே வில்லாபிராங்காவில் அமைந்த தரைநிலையமும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பங்கு. இதற்கேற்ப நாள்தோறும் 16 மணி நேரம் அமெரிக்காவிலிருந்தும் 8 மணி நேரம் ஸ்பெயினிலிருந்தும் கலம் இயக்கப்பட்டது. புவியை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் பாதையில் அது இருந்ததால் இது இயன்றது. வெளியிலிருந்து வரும் வானியலாளர்களும் தரைநிலையத்தில் அமர்ந்து, மலைமேல் உள்ள வான்காணகத்தில் செய்வதைப் போலவே உடனுக்குடன் முடிவெடுத்து ஆய்வு செய்தனர்.

சாதனைகள்

1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு மீயொளிர் விண்மீன் வெடிப்பு தோன்றியது. வெடித்தது எந்த விண்மீன் என்பதை உறுதிசெய்ய இக்கலத்தின் பதிவுகள் உதவின. சிவப்புப் பெருமீன்களே இவ்வாறு வெடிக்கும் என்று அதுவரை எதிர்பார்க்கப்பட்டது. வெடித்ததோ ஒரு நீலப் பெருமீன்.

கலத்தின் திசையைக் கட்டுப்படுத்த உதவிய ஆறு கைரோஸ்கோப்புகளில் நான்கு 1985க்குள் பழுதடைந்தன. எஞ்சிய இரண்டையும் சூரிய உணரியையும் கொண்டு பொறியாளர்கள் அதைத் தொடர்ந்து இயக்கினர்.

மூன்றாண்டுப் பணிக்கென வடிவமைக்கப்பட்ட இக்கலம், 1996 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்படும் வரை 18 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகளைப் பதிவு செய்தது. இருமுறை மறுக்கப்பட்ட ஒரு வடிவமைப்பின் பயனாகிய அப்பதிவுகள் இன்றும் ஆய்வாளர்கள் எவரும் பயன்படுத்தும் வகையில் பொதுவில் உள்ளன.