இந்திய – இலங்கை நேரோட்ட மின்னிணைப்பு

தமிழ்நாட்டின் மின்வலையமைப்பையும் இலங்கையின் மின்வலையமைப்பையும் கடலடிக் கேபிளால் இணைக்கும் திட்டம். இன்னும் கட்டப்படவில்லை. மதுரையையும் அநுராதபுரத்தையும் முனைகளாகக் கொண்டு எழுந்த இத்திட்டத்தில் கேபிள் இலங்கையில் கரையேறும் இடம் மன்னார்க் கரை. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்தடைந்த தலைமன்னார் இறங்குதுறையும் இக்கரையிலேயே உள்ளது.

நேரோட்டம் ஏன்? கடலடிக் கேபிள் ஒரு நீண்ட கொள்ளளவியைப் போன்றது. ஆடலோட்டம் செலுத்தினால், ஒவ்வொரு சுற்றிலும் அதை மின்னேற்றி இறக்குவதிலேயே கேபிளின் திறன் பெரிதும் செலவாகிவிடும். நேரோட்டத்தில் இந்த விரயம் இல்லை. மேலும், ஒரு நாட்டின் வலையமைப்பு மற்றதன் அதிர்வெண்ணோடு இசைந்து ஓடவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆடலோட்டத்தை நேரோட்டமாகவும் மீண்டும் ஆடலோட்டமாகவும் ஆக்கும் மாற்றியின் வரலாறு. முதல் வணிக நேரோட்டக் கடலடி இணைப்பு 1954இல் சுவீடனில் கொட்லாந்துத் தீவுக்கு அமைந்தது. திறன் 20 மெகாவாட்; மாற்றிகளில் பாதரச வில் வால்வுகள். அடுத்து வந்த தைரிஸ்டர் மாற்றிகள் இயங்க, இரு முனையிலும் வலுவான ஆடலோட்ட வலையமைப்பு வேண்டும். மின் செல்லும் திசையைத் திருப்ப அவை முனைவுத்தன்மையை மாற்றுவதால் பிளாஸ்டிக் காப்பிட்ட கேபிள் பாதிப்புறும்.

இவ்விரு தடைகளையும் தாண்டியது கூறுநிலைப் பலபடி மாற்றி. ஜெர்மானியப் பொறியாளர் ரெய்னர் மார்குவார்ட் 2000களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். கொள்ளளவியும் டிரான்சிஸ்டர் ஆளிகளும் கொண்ட சிறு கூறுகள் நூற்றுக்கணக்கில் தொடராக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றாகச் சேர்த்தும் விலக்கியும் மின்னழுத்தம் படிப்படியாக ஏற்றி இறக்கப்படுகிறது. படிகள் மிகப் பல என்பதால் அலை ஏறத்தாழ வழவழப்பாகிறது. ஒரு கூறு பழுதானால் அதைக் கடந்து மற்றவை இயங்கும். முனைவுத்தன்மை மாறாமலே மின்திசை திரும்பும். இருளில் மூழ்கிய வலையமைப்பை மீண்டும் எழுப்பவும் இது உதவும். 2010இல் சான்பிரான்சிஸ்கோவின் 400 மெகாவாட் இணைப்பில் இது முதன்முதலாக இவ்வளவு பெரிய அளவில் இயங்கியது. 2021இல் தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குச் செல்லும் 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் இணைப்பிலும் இதே வகை மாற்றி இடம்பெற்றது.

திட்டத்தின் பயணம். 2010 ஜூனில் இரு நாடுகளும் ஆய்வுக்கான உடன்பாடு செய்தன. முதலில் 500, பின்னர் 1,000 மெகாவாட் என்ற அளவு பேசப்பட்டது. 2025 ஏப்ரலில், மின் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்குமான புரிந்துணர்வு உடன்படிக்கை கொழும்பில் கையெழுத்தானது.

மன்னாருக்கு என்ன பொருள்? 2020 டிசம்பரில் இங்கு திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள் ஏறத்தாழ 100 மெகாவாட் திறனுடன் நிற்கின்றன. கச்சான் எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மிகுதியாகக் கிடைக்கும் காற்று மின்சாரத்தை வெளியே விற்கவும், காற்று அடங்கிய நாளில் வாங்கவும் இருவழிப் பாதை வேண்டும். சிறிய வலையமைப்பும் பெரியதும் அவ்வாறு கொடுத்து வாங்கத் துணை நிற்கக்கூடியது கூறுநிலைப் பலபடி மாற்றி. ஆனால் மன்னார்த் தீவு வலசைப் பறவைகளின் தங்கிடமும்கூட. 2025இல் புதிய காற்றாலைகளை எதிர்த்துத் தீவு மக்கள் போராடினர். கேபிள் ஏறும் கரையில் வாழ்பவர்களின் சம்மதமும் இத்திட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று.