கட்டணமும் தொலைவும்: நம் கல்லூரிகளின் வரலாறு கூறும் பாடம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் இல்லங்களில் இரு வினாக்கள் எழுகின்றன. அரசுக் கல்லூரியா, தனியார் கல்லூரியா? உள்ளூரா, வெளியூரா? வரலாற்றை நோக்கினால் இவ்விரண்டும் ஒரே வினாவில் அடங்குவதைக் காணலாம்: மாணவரின் கட்டணத்தையும் உணவையும் உறைவிடத்தையும் ஏற்பவர் யார்?

கெய்ரோவின் அல்அஸ்ஹரில் 'ரிவாக்' எனப்பட்ட உறைவிடங்கள் இருந்தன. மக்ரிபியருக்கு ஒன்று, சிரியா நாட்டவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று என அவை பிரிந்திருந்தன. வக்ஃபுச் சொத்துகளின் வருவாயிலிருந்து மாணவர்க்கு ரொட்டி அளிக்கப்பட்டது. தொலைதூர நாடுகளின் ஏழை மாணவரும் அங்கு வந்து பயில அந்த ரொட்டியே வழி செய்தது.

நம் மண்ணிலும் அவ்வாறே. ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹள்ரத் நிறுவிய வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி அரசு நிறுவனமன்று. சமுதாயத்தின் கொடையால் வளர்ந்தது. தமிழகத்தாருடன் கேரளத்தாரும் இலங்கையரும் அங்கு ஓதினர். 'பாக்கவி' எனும் பட்டம் பெற்ற ஆலிம்களை இன்றும் கேரளத்தின் ஊர்களில் காண்கிறோம்.

உலகக் கல்விக்கும் இதே கொடையுள்ளம் வழி திறந்தது. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி என அவை தோன்றின. பெயரளவில் தனியார் கல்லூரிகளாயினும், அரசு உதவி பெறும் பாடப்பிரிவுகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசே ஏற்பதால் அங்குக் கட்டணம் குறைவு. 1984இல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்ட பின்னர், செலவின் பெரும்பகுதி பெற்றோரின் தோளில் இறங்கியது. கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இன்று ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இயங்குகின்றன. பட்டம் ஒன்றே, கட்டணம் வேறு.

அரசுக் கலைக் கல்லூரிகளிலோ கட்டணம் மிகக் குறைவு. அங்குப் பயில்வோர் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தினரே. ஆயினும் அந்த அண்மையும் ஒரு கொடைதான். விடுதிக்கு அனுப்ப இயலாத குடும்பங்களின் பெண்மக்கள் பட்டம் பெற்றது அதனால்தான். சென்னையில் 1974இல் தொடங்கிய காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி இதற்குச் சான்று. 2007இல் நாம் பெற்ற 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் அவ்வழியை மேலும் அகலமாக்கின.

ஆகவே, அரசா தனியாரா என்று மட்டும் கேட்டு நாம் நின்றுவிடலாகாது. சேரவிருப்பது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்போம். விடுதி, உணவு, பயணம் ஆகியவற்றையும் கட்டணத்தோடு கூட்டிப் பார்ப்போம். செல்வம் வாய்த்தோரும் ஜமாஅத்தாரும் இன்னுமொரு கட்டடம் எழுப்புமுன் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்: கடையநல்லூரின் ஏழை மாணவன் ஒருவனுக்குத் திருச்சியில் ஒரு படுக்கையும் மூன்று வேளை உணவும் கிடைத்தால், தொலைவு அவன் கல்விக்குத் தடையாகாது. முன்னோர் செய்த நிலையான தர்மம் அதுவே. அதைத் தொடரும் பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.