எட்டிப் பிடிக்கும் கணக்கு: முயல் வேட்டையிலிருந்து அமாவாசை வரை

முன்னே போகிறவரைப் பின்னே வருகிறவர் எங்கே, எப்போது எட்டிப் பிடிப்பார் என்னும் கணக்கைச் சீனத்திலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டு வந்திருக்கிறார்கள். ஒரே புதிர் வணிகரோடு நாடு நாடாகப் போன கதையாக இதைச் சொல்லிவிடலாம். தீர்வுகளை அருகருகே வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது: பழைய தீர்வுகள் சிலவற்றில் காலம் என்ற அளவே இல்லை. அது எப்படி உள்ளே வந்தது, வந்த பின் கணக்கு என்ன ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'ஒன்பது அத்தியாயங்கள்' எனப்படும் சீனக் கணித நூலுக்கு லியூ ஹுய் கி.பி. 263இல் உரை எழுதினார். மூலநூல் அதற்கும் முந்தியது. அதன் ஆறாம் அத்தியாயம் வரித் தானியத்தையும் அதைச் சுமந்து செல்லும் வேலையையும் ஊர்களுக்கு நியாயமாகப் பங்கிடுவது பற்றியது. அங்கேதான் நாயும் முயலும் வருகின்றன. முயல் 100 காலடி முன்னே ஓடிவிட்டது. நாய் 250 காலடி துரத்தியும் இன்னும் 30 காலடி பின்தங்கி நிற்கிறது. மேலும் எத்தனை காலடி ஓடினால் பிடிக்கும்?

நூல் சொல்லும் வழி: 100இல் 30 போக 70, அது வகுக்கும் எண். 250ஐ 30ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 107 1/7 காலடி. இங்கே நாயின் வேகமும் தெரியாது, முயலின் வேகமும் தெரியாது. 250 காலடி ஓடியதில் இடைவெளி 70 குறைந்தது என்ற ஒரே செய்தி போதுமானதாக இருக்கிறது. இன்றைய மாணவர் இதைப் பார்த்ததும் x, y என்று இரண்டு தெரியாக் கணியங்களை எழுதத் தொடங்குவார். அவை தேவையே இல்லை.

அதே அத்தியாயத்தின் இன்னொரு கணக்கில் காலம் வெளிப்படையாகவே வருகிறது. விருந்தாளியின் குதிரை ஒரு நாளில் 300 லி (சீனத் தூர அளவு) போகும். அவர் தம் உடையை மறந்துவிட்டுக் கிளம்பியதை, நாளில் மூன்றில் ஒரு பங்கு கழிந்த பிறகே வீட்டுக்காரர் கவனிக்கிறார். துரத்திப்போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நாளில் நான்கில் மூன்று பங்கு ஆகிவிட்டது. அவர் குதிரை நாள் முழுதும் ஓடினால் எவ்வளவு போகும்? போய்வர ஆனது 5/12 நாள். போக மட்டும் 5/24. அதற்குள் விருந்தாளி 13/24 நாள் பயணம் செய்திருப்பார். ஆகவே விடை 780 லி. அழகான கணக்கு. ஆனால் இதுவும் தனிக் கணக்குதான். பொதுவிதி எதுவும் இதிலிருந்து எடுக்கப்படவில்லை.

ஐரோப்பாவில், கி.பி. 800ஐ ஒட்டி வாழ்ந்த அல்குயின் பெயரில் வழங்கும் புதிர்த் தொகுப்பில் நாய் 9 அடி தாண்டுகிறது, முயல் 7 அடி தாண்டுகிறது, முன்தூரம் 150 அடி. ஒரு தாவலுக்கு 2 அடி லாபம் என்பதால் 75 தாவல். இங்கேயும் காலம் தாவலுக்குள் ஒளிந்தே இருக்கிறது.

பொதுவிதியை ஆரியபட்டீயத்தில் காண்கிறோம். கி.பி. 499 என்ற ஆண்டோடு இணைக்கப்படும் அந்நூலின் கணிதபாதத்தில் 31ஆம் சுலோகம் சொல்வது இது: எதிரெதிரே வரும் இரண்டின் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்லும் இரண்டின் இடைத்தூரத்தை வேகங்களின் வித்தியாசத்தாலும் வகுக்க வேண்டும், வருவது அவை கூடிய காலம் அல்லது கூடப்போகும் காலம். ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்யும் சூத்திரம் இதுவேதான்.

'கூடிய அல்லது கூடப்போகும்' என்பதைக் கவனிக்க வேண்டும். முயல் வேட்டையில் கடந்தகாலத்துக்கு இடமில்லை. பிடித்தால் கதை முடிந்தது. வானத்தில் அப்படியில்லை. ஒரு கிரகம் மற்றொன்றைத் தாண்டிப் போயிருக்கலாம், வக்ரகதியில், அதாவது பின்னோக்கி நகர்ந்து, எதிரே வரலாம். சேர்க்கை எப்போது நடந்தது என்பதும் கணக்கருக்கு வேண்டும். மேலும் வானியலில் ஒவ்வொரு கோளுக்கும் 'ஒரு நாளில் இவ்வளவு' என்ற கதி முன்பே எண்ணாகக் கையில் இருந்தது. வேகம் என்பது கூட்டவும் கழிக்கவும் கூடிய எண்ணாக நிலைபெற்றதற்கு இந்த வானியல் பழக்கமே காரணம் என்பது என் முடிவு. சுலோகத்துக்குக் கி.பி. 629இல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் விதியை மீண்டும் தரைக்குக் கொண்டுவந்து, வலபியிலிருந்து புறப்படும் வழிப்போக்கரை வைத்துக் கணக்குப் போடுகிறார்.

வேகம் மாறினால் என்ன செய்வது? 1881இல் பெஷாவருக்கு அருகே கிடைத்த பக்ஷாலி என்னும் பழைய கணித ஏட்டில், ஒருவர் நாளொன்றுக்கு 7 யோசனை (பழைய தூர அளவு) வீதம் 5 நாள் முன்னே போகிறார். பின்தொடர்பவர் முதல் நாள் 5 யோசனை, பிறகு நாளுக்கு 3 கூட்டிக்கொண்டே நடக்கிறார். ஆறாம் நாள் முடிவில் ஒருவர் 77இல், மற்றவர் 75இல். ஏழாம் நாளின் லாபம் 16 என்று கொண்டு 2ஐ வகுத்தால் 6 1/8 நாள் வரும். ஏடு அவ்வழியில் போகவில்லை. தொடரின் கூட்டல் வாய்பாட்டைப் பின்ன நாளுக்கும் நீட்டி, 889இன் வர்க்கமூலத்தில் வந்து நிற்கிறது. விடை ஏறத்தாழ 6.136 நாள். நாளுக்குள்ளேயும் வேகம் வளர்கிறது என்ற எண்ணத்தின் முதல் சாயல் இதில் இருக்கிறது. 1202இல் பிபொனாச்சி எழுதிய நூலிலும் இத்தகைய வழிப்போக்கர் உண்டு. அவர்கள் 39ஆம் நாள் முடிவில் சரியாகச் சந்தித்துவிடுகிறார்கள். பின்னத்தின் சிக்கல் எழவில்லை.

இருவரும் ஒரே கோட்டில் செல்லும்வரைதான் கழித்தல் உதவும். 1732இல் பிரான்சின் பியர் பூகே, ஒரு கப்பல் மற்றொன்றை எப்போதும் நேரே குறிவைத்துத் துரத்தினால் அதன் பாதை எப்படி வளையும் என்று ஆராய்ந்தார். அதற்கு நுண்கணிதம் வேண்டியிருந்தது.

பாடநூல் எழுதுவோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரயில் கணக்கைத் தொடங்கும் முன் பஞ்சாங்கத்தைத் திறந்து காட்டுங்கள். சந்திரன் சராசரியாக நாளுக்கு 13.18 பாகை நகர்கிறது, சூரியன் 0.99 பாகை, வித்தியாசம் 12.19. சூரியனைவிடச் சந்திரன் 12 பாகை முன்னேற ஆகும் நேரமே ஒரு திதி. 360ஐ 12.19ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையிலான 29.53 நாள் கிடைக்கும்.