வீட்டுல கோழி வளர்க்க அனுமதி வேணுமா? பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தா என்ன ஆகும்? ஏற்காடு முதல் அடூர் வரை... முழு விளக்கம்!

ஏற்காட்டில் எஸ்டேட் குடியிருப்பு, மலைக்கிராமம், ஏரியைச் சுற்றியுள்ள நெருக்கமான தெருக்கள் என எங்கே போனாலும் நாலு நாட்டுக்கோழி மேய்வதைப் பார்க்கலாம். 2025 புத்தாண்டை ஒட்டி தமிழக அரசு வெளியிட்ட உள்ளாட்சி மறுசீரமைப்பு அறிவிப்பில், புதிய பேரூராட்சிகளாக அமைக்கப்படும் 25 இடங்களில் ஏற்காடும் இடம்பெற்றது. ஊராட்சி பேரூராட்சியாக மாறினால் வீட்டுக் கோழிக்கும் சிக்கல் வருமா? சட்டம் என்ன சொல்லுது? பார்ப்போம்.

பேரூராட்சி ஆனா கோழி வளர்க்கக் கூடாதா?

அப்படி எதுவும் இல்லை. மாறுவது, எந்தச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்பார்கள் என்பதுதான். கிராம ஊராட்சிக்கு 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றுக்கும் 1998-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பொருந்தும். இந்தச் சட்டம் அதன் புதிய விதிகளோடு 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இரண்டு இடத்துக்கும் பொதுவானது 1939-ம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டம். சுகாதாரத்துக்குக் கேடாகவோ, அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாகவோ ஒரு விலங்கை வைத்திருந்தால், அதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. அதாவது, "எத்தனை கோழி?" என்பதை விட "நாத்தம், ஈ, சத்தம், கழிவு எப்படி இருக்கு?" என்பதுதான் முக்கியக் கேள்வி. கூட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் 10 கோழிக்காரரை விட, எச்சத்தைச் சாக்கடையில் தள்ளும் 3 கோழிக்காரருக்குத்தான் சிக்கல் அதிகம்.

எப்போது 'பண்ணை' ஆகிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்படி, 5,000 பறவைகளும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும். குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தள்ளி பண்ணை அமைய வேண்டும் என்பதும் அதில் உண்டு. கொல்லையில் வளரும் கோழி இந்தக் கணக்கில் வராது. ஆனால் வியாபாரமாகக் கறிக்கோழி விற்றாலோ, வீட்டிலேயே அறுத்து விற்றாலோ அது வேற கதை. அதற்கு உள்ளாட்சி உரிமம், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எல்லாம் தேவைப்படும்.

சேவல் கூவினா கேஸ் போடலாமா?

கேரளாவில் நடந்திருக்கிறது. பத்தனம்திட்டா மாவட்டம் அடூர் அருகே, பக்கத்து வீட்டுச் சேவல் அதிகாலை 3 மணிக்கே கூவுவதால் தூக்கம் கெடுவதாக முதியவர் ஒருவர் புகார் கொடுத்தார். வீட்டின் மாடியில் இருந்த கோழிக்கூட்டை 14 நாட்களுக்குள் வளாகத்தின் தெற்குப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அடூர் கோட்டாட்சியர் உத்தரவிட்டார். கோழி வளர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை, கூட்டைத்தான் மாற்றச் சொன்னார் என்பது கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டிலும் இந்த வழி உண்டு. முதலில் ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகம், சுகாதார ஆய்வாளர். அங்கே தீரவில்லை என்றால், பொதுத் தொல்லை என்ற அடிப்படையில் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். இது பழைய சி.ஆர்.பி.சி. 133-வது பிரிவுதான். கோட்டாட்சியர் முதலில் நிபந்தனை உத்தரவு போடுவார். கோழி வளர்ப்பவர் அதன்படி செய்யலாம், இல்லையென்றால் நேரில் வந்து தன் தரப்பைச் சொல்லலாம். தனியாக, பொதுத் தொல்லைக்கு பி.என்.எஸ். 292-வது பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கோபத்தில் பக்கத்து வீட்டுக் கோழிக்கு விஷம் வைத்தால்? அது பி.என்.எஸ். 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வெளிநாட்டில் எப்படி?

நியூயார்க் நகரில் பெட்டைக்கோழி வளர்க்கலாம், சேவலுக்குத் தடை. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். காரணம், பறவைக் காய்ச்சல்.

பறவைக் காய்ச்சல் வந்தா வீட்டுக் கோழிக்கும் ஆபத்தா?

ஆமாம். நோய் உறுதியானால், அந்த இடத்தைச் சுற்றி 1 கி.மீ. தூரத்துக்குள் உள்ள கோழிகள் அழிக்கப்படும், 10 கி.மீ. வரை கண்காணிப்பு இருக்கும். பண்ணைக் கோழி, வீட்டுக் கோழி என்ற பாகுபாடு கிடையாது. சேலத்துக்குப் பக்கத்திலேயே முட்டை உற்பத்திக்குப் பேர்போன நாமக்கல் இருப்பதால், இது இங்கே சின்ன விஷயம் இல்லை.

இழப்பீடு உண்டு. ஆனால் அது அதிகாரிகள் அழிக்கும் கோழிகளுக்குத்தான், ஏற்கெனவே நோயில் செத்த கோழிகளுக்கு இல்லை. அதனால் கோழிகள் திடீரென கொத்தாகச் செத்தால், மறைக்காமல் உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்வதுதான் வளர்ப்பவருக்கும் லாபம். செத்த கோழியை ஓடையிலோ ஏரியிலோ வீசக் கூடாது, வெறும் கையால் தொடவும் கூடாது.

கிராமத்துக் கோழிகளை அதிகம் கொல்வது வெள்ளைக் கழிச்சல். இதற்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இலவச தடுப்பூசி முகாம் நடத்துகிறது.

ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

• காட்டுக்கோழி வேறு, நாட்டுக்கோழி வேறு. காட்டுக்கோழியைப் பிடிப்பதும், அதன் முட்டையை எடுத்து வந்து அடைவைப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

• கூடு சரிவில் இருந்தால், மழையில் எச்சம் கீழ்வீட்டுக்கும் நீரோடைக்கும் போகும். எச்சத்தை மக்கவைத்துத் தோட்டத்துக்கு உரமாகப் போடலாம்.

• இரவில் கூட்டை இருட்டாக மூடி வைத்தால், சேவல் கூவுவது ஓரளவு தள்ளிப்போகும். கீரி, காட்டுப்பூனையிடமிருந்தும் பாதுகாப்பு.

• வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

• சேவலைச் சண்டைக்கு விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும்.