பழைய பன்னிரண்டு தந்தி, புதிய வார்ப்பு: ரிக்கன்பேக்கரும் ஃபெண்டரும்

புகழ்பெற்ற பழைய கிட்டாரை மறுபடி செய்து விற்பவர்கள் அதன் உருவத்தை மட்டும் தந்தால் போதாது. ஒலி எந்த உறுப்பில் பிறந்ததோ அந்த உறுப்பும் பழையபடி வர வேண்டும். ரிக்கன்பேக்கர் 360/12சி63, ஃபெண்டர் எலெக்ட்ரிக் ட்வெல்வ் ஆகிய இரு மறுவார்ப்புகளையும் இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்.

முதலாவதன் மூலம், 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு வந்த கிட்டார். அதை ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தில் பார்த்த ரோஜர் மெக்வின் தானும் ஒன்று வாங்கி, 1965இல் பேர்ட்ஸ் குழுவின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடலில் வாசித்தார். இதன் தனித்தன்மை தந்தி வரிசையில் இருக்கிறது. மற்ற பன்னிரண்டு தந்தி கிட்டார்களில் கீழ்நோக்கி மீட்டும்போது மெல்லிய மேல்ஸ்தாயித் தந்தி முதலில் ஒலிக்கும். இதில் தடித்த தந்தி முந்திக்கொள்ள, மேல்ஸ்தாயி அதன்மீது படர்கிறது. சி63 இந்த வரிசையையும், ‘டோஸ்டர்’ பிக்கப்புகளையும், உள்ளீடற்ற மேப்பிள் உடலையும் அப்படியே காப்பாற்றுகிறது.

ஹாரிசனின் கிட்டாரில் ஒரு குறையும் உண்டு. பிரிட்ஜில் ஒவ்வொரு ஜோடித் தந்திக்கும் ஒரே சேடில். தடித்த தந்திக்கும் மெல்லிய தந்திக்கும் வேண்டிய நீளம் வேறு என்பதால், ஒன்றைச் சரிசெய்தால் மேல் கட்டைகளில் மற்றது சுருதி விலகும்.

1965இல் வந்த ஃபெண்டர், இதற்கு லியோ ஃபெண்டர் கண்ட தீர்வு: தந்திக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சேடில்கள். கெட்டியான மர உடல், இரண்டாகப் பிளந்த பிக்கப்புகள், ஹாக்கி மட்டை போன்ற தலைப்பகுதி. அந்தப் பத்தாண்டின் இறுதியில் உற்பத்தி நின்றாலும், ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ ஒலிப்பதிவில் ஜிம்மி பேஜ் இதைத்தான் வாசித்தார். 2019இல் மெக்சிகோவில் செய்யப்பட்ட மறுவார்ப்பில் தனித்தனி சேடில்கள் திரும்பின. விலையும் ரிக்கன்பேக்கரைவிட வெகு குறைவாக இருந்தது.

எனவே ரிக்கன்பேக்கர் காப்பது ஒரு குரலை. ஃபெண்டர் காப்பது ஒரு தீர்வை. மெக்வினின் ஒலியைத் தேடுபவருக்கு முதலாவதுதான் சரி. ஆனால் ஸ்டூடியோவில் கொடுத்த பலத்த கம்ப்ரெஷனும் அந்த ஒலியில் பாதி. கிட்டார் மட்டும் அதைத் தந்துவிடாது. கழுத்து நெடுக வாசித்து, மேடையில் சுருதி நிற்க வேண்டும் என்பவருக்கு நான் தயங்காமல் ஃபெண்டரைச் சொல்வேன்.